ரிச்சி தெரு சர்வரும் எங்கள் கரன்ட் பில்லும்

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்

எங்கள் யூனிட்டில் மொத்தம் ஒன்பது கம்ப்யூட்டர். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா இத்தனை வருஷமும் கணக்குப் பார்க்கும் அக்காவின் மேஜை மெஷினில்தான் இருந்தது. அவர் மெஷினை ஆஃப் செய்துவிட்டு லீவில் போனால் அன்றைக்கு யாரும் பில் போட முடியாது. எல்லாருக்கும் பொதுவாக எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், அதாவது சர்வர், வாங்கும் பேச்சே அதனால்தான் வந்தது.

புதுசுக்குக் கொட்டேஷன் கேட்டேன். தொகையைப் பார்த்த முதலாளி, "இந்தக் காசுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டா அது சம்பாதிச்சுக் குடுக்கும்" என்றார். சரி, செகண்ட் ஹேண்ட் பார்ப்போம் என்று சென்னை போனபோது ரிச்சி தெருவில் விசாரித்தேன். ரேக்கில் மாட்டும் தட்டையான சர்வர், சர்வருக்கென்று வரும் ஜியான் பிராசஸர் இரண்டு, 64 ஜிபி ரேம், 300 ஜிபி சாஸ் டிஸ்க் (சர்வரில் போடும் ஹார்ட் டிஸ்க்) ஆறு. புது மேஜைக் கம்ப்யூட்டர் விலைகூட இல்லை. "பேங்க்ல ஓடின மெஷின் சார்" என்றார் கடைக்காரர். அந்தத் தெருவில் எல்லா மெஷினும் பேங்கில் ஓடினதுதான்.

ஆன் செய்ததும் ஃபேன்கள் ஊளையிட்ட சத்தத்தில் கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். ஆபீஸில் போன் பேச முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன ரூமுக்கு மாற்றினோம். எங்கள் தொழிலில் பஞ்சு எங்கேதான் இல்லை? மூன்று மாதம் கழித்து மூடியைத் திறந்தால் பிராசஸர் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் மேல் மெத்தை விரித்த மாதிரி ஒரு அடுக்கு. விரலால் பிடித்து இழுத்தேன், துண்டு துணி போல முழுசாக உரிந்து வந்தது.

அப்புறம் கரன்ட். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் வாங்கி மாட்டினேன். ஒருத்தரும் வேலை செய்யாத ஞாயிற்றுக்கிழமை மதியம், சும்மா இருக்கும்போதே 190 வாட் காட்டியது. ஒரு நாளைக்கு நாலரை யூனிட். இரண்டு மாத பில்லில் 270 யூனிட்டுக்கு மேல். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 16,600 ரூபாய். மெஷினில் மிச்சம் பிடித்ததை ஈபிக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் எதற்கு? எங்கள் டேலி டேட்டா மொத்தமே 3 ஜிபி!

அடுத்து வாங்கியது ஒற்றை ஜியான் போட்ட சின்ன டவர் சர்வர், அதுவும் பழையதுதான். சும்மா இருக்கும்போது 35 வாட். சத்தமே இல்லை, அக்கா மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு கூத்து. பழைய சர்வரின் ரேமைக் கழற்றி இதில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டும் டிடிஆர் 3 வகை, ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை, பீப் சத்தம் மட்டும். அது நடுவில் தனி சிப் வைத்த ரெஜிஸ்டர்டு ரேம், இந்த டவர் அந்தச் சிப் இல்லாத அன்பஃபர்டு மட்டும்தான் எடுக்கும். இரண்டிலும் ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் ரேம்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். டிஸ்க்கும் அப்படியே. சாதா கம்ப்யூட்டரில் வரும் சாட்டா டிஸ்க்கை சாஸ் போர்ட்டில் மாட்டலாம், சாஸ் டிஸ்க்கை சாட்டா போர்ட்டில் மாட்ட முடியாது. கடைசியில் சாட்டா எஸ்எஸ்டி இரண்டு வாங்கி மிரர் போட்டேன், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்.

விண்டோஸ் சர்வரும் சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கொரு கால் (CAL) லைசென்ஸும் சேர்த்தால் மெஷின் விலையைத் தாண்டுகிறது. எங்களுக்குத் தேவை ஒரு ஷேர் ஃபோல்டர்தான். சாதா விண்டோஸ் புரோவே ஒரே நேரத்தில் 20 கனெக்‌ஷன் வரை ஷேர் கொடுக்கும். ஒன்பது மெஷினுக்கு அது தாராளம். டேலிக்குப் பல பேர் சேர்ந்து ஓட்டும் கோல்டு லைசென்ஸ் வேண்டும், அது எப்படியும் தவிர்க்க முடியாத செலவு.

சிவகாசி, ஆஃப்செட் அச்சகம்

அண்ணாச்சி, கரன்ட் பில்லைச் சொன்னீர்கள், கரன்ட் போகும்போது என்ன ஆகிறது என்று சொல்லவில்லையே. நான் வீட்டு இன்வெர்ட்டரிலேயே சர்வரையும் மாட்டியிருந்தேன். கரன்ட் போனால் பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் அசையாமல் ஓடும், சர்வர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினேன், காசு தண்டம். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், கரன்ட் அலையைச் சதுரமாக வெட்டித் தருவது. சர்வரின் பவர் சப்ளைக்கு அது ஒத்துவரவில்லை, லைனில் வருவது போன்ற வளைவான சைன் வேவ்தான் கேட்டது. இப்போது ஒரு கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் இருக்கிறது, ரீஸ்டார்ட் பிரச்சினை அத்தோடு போச்சு.

இன்னொன்று. பழைய சர்வரில் பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு கார்டு இருந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள். எங்களுடையது செத்துப்போயிருந்தது. பேட்டரி இல்லையென்றால் கார்டு தன் கேஷை (தற்காலிக மெமரியை) நம்பாமல் ஒவ்வொன்றையும் நேராக டிஸ்க்கில் எழுதும். டிசைன் ஃபைல் ஒன்றை சேவ் செய்துவிட்டு டீ குடித்து வரலாம்.

மதுரை, மருந்து மொத்த வியாபாரம்

மிரர் போட்டதால் பேக்கப் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாங்கள் அப்படி நினைத்தவர்கள். ஆடிட்டர் அவர் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கட்டும் என்று ரவுட்டரில் வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வழியான 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருந்தோம், பாஸ்வேர்ட் கடைப் பெயர். ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் ஏதோ வால் முளைத்திருந்தது. கூடவே பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். மிரரில் இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி பூட்டிக்கிடந்தன, அதுதானே மிரர். பேக்கப்புக்கு வைத்திருந்த யுஎஸ்பி டிஸ்க்கும் எந்நேரமும் மாட்டியே இருந்ததால் அதையும் விடவில்லை.

பணம் கட்டவில்லை. நாலு மாத பில்லைக் கார்பன் காப்பி பார்த்து நானும் தம்பியும் இரவு இரவாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம், ஒவ்வொரு மருந்துக்கும் பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதியோடு. இப்போது போர்ட் மூடியாயிற்று, ஆடிட்டர் விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாக வருகிறார். யுஎஸ்பி டிஸ்க் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று தம்பியின் டிபன் பையில் வீட்டுக்குப் போகும். மறுநாள் மாற்றிக்கொள்வோம்.

சிவகாசி, ஆஃப்செட் அச்சகம்

அண்ணாச்சி, அந்த ரேக் சர்வர் என்ன ஆச்சு? விலைக்குத் தருவீர்களா?

திருப்பூர், பனியன் ஜாப் ஒர்க்

படிக்குக் கீழேதான் இருக்கிறது, மேலே சாம்பிள் பீஸ் மூட்டை. ஆறு சாஸ் டிஸ்க்கில் இரண்டை கட்டிங் மாஸ்டர் எடுத்துப் போய் பேட்டர்ன் அட்டை பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார், மீதி நாலோடு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். விலையெல்லாம் வேண்டாம் அண்ணா, அடுத்த தீபாவளிக்குப் பட்டாசு அனுப்பிவிடுங்கள். வாட் மீட்டரை மட்டும் தரமாட்டேன்.