இறங்க மறுத்த மேசைக் கால்

கனடாவின் சிம்கோ ஏரியில் நிற்கும் எங்கள் 26 அடி கேபின் படகில் மேசைதான் பிள்ளைகளின் கட்டில். பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் அதன் ஒற்றைக் காலைக் கீழே இறக்கினால் பலகை இருக்கைகளின் மட்டத்துக்கு வந்துவிடும், மேலே ஒரு மெத்தைத் துண்டைப் போட்டால் இரண்டு பேர் படுக்கலாம். கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு அலுமினியக் குழாய்கள், பக்கத்தில் ஒரு பிடி. பிடியைத் தளர்த்தினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

போன மே மாத லோங் வீக்கெண்டில், ட்ரென்ட்-செவர்ன் கால்வாய் அந்த வருடத்துக்குத் திறந்த கையோடு கிளம்பி, படகுகளைத் தூக்கி இறக்கும் கேர்க்ஃபீல்ட் லிஃப்ட் லொக் வரை போய் இரவுக்குப் படகைக் கட்டினோம். பிடியைத் தளர்த்தினேன். அசைவே இல்லை. 1907-இல் திறந்த லிஃப்ட் லொக் அன்று எங்களைப் படகோடு சேர்த்து ஏறக்குறைய 15 மீட்டர் தூக்கி விட்டிருந்தது, என் மேசையோ 40 சென்டிமீட்டர் இறங்க மாட்டேன் என்று நிற்கிறது.

மச்சான் "விடுங்கோ அத்தான், நான் பாக்கிறன்" என்று மேசையின் மேல் ஏறி உட்கார்ந்தார். மச்சான் 95 கிலோ. கால் இறங்கவில்லை, ஆனால் பலகைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், எட்டிப் பார்த்தால் நாலு திருகாணிகளில் இரண்டு பிளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே தொங்குகின்றன. அப்புறம் டப்ளியூடி-40 அடித்தோம், பாதி டின் காலி. அதுவும் சரிவரவில்லை என்று ரப்பர் சுத்தியலால் தரையில் கால் செருகும் கிண்ணத்தைச் சுற்றித் தட்டினேன், தரையின் பளபளப்புப் பூச்சில் மயிரிழை போல இரண்டு வெடிப்பு விழுந்ததுதான் மிச்சம். பிள்ளைகள் எங்கள் கட்டிலில் படுக்க, நாங்கள் மூன்று பெரியவர்களும் உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

மெரினாவுக்குத் திரும்பியதும் பக்கத்துப் படகுப் பெரியவர் வந்து பார்த்தார். சுத்தியலைத் தொடக்கூட இல்லை. குனிந்து, மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் நுழையும் இடத்தில் நகத்தை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அங்கே ஒரு வெள்ளை வளையம் இருக்கிறது, நான் அதுவரை கவனித்ததே இல்லை, குழாயின் நிறம்தான் என்று நினைத்திருந்தேன். நைலான் புஷ், இரண்டு குழாய்க்கும் நடுவே இருக்கும் வளையம். "குளிர்காலத்தில் இது எங்கே கிடந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

எங்கே கிடந்தது? காலைக் கழற்றி, நீட்டியபடியே, கேபின் கார்பெட்டின் மேல் படுக்க வைத்துவிட்டு ஒக்டோபரில் படகைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டேன். ஹட்ச், அதாவது கூரைக் கதவு, ஒழுகி அந்தக் கார்பெட் வசந்தம் வரை ஈரம். நைலான் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் ஊதும். குழாய்க்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்த ஊதல் தின்றுவிட்டது. துருவும் இல்லை, அரிப்பும் இல்லை. எண்ணெய் அடித்தால் ஊதிய நைலான் சுருங்குமா?

கார் ஆயில் ஃபில்டர் கழற்றும் பட்டையைச் சுற்றிப் போட்டுத் திருகியதும் கால் தரைக் கிண்ணத்திலிருந்து கழன்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபர்னஸ் அறையில் சாய்த்து வைத்தேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் கையால் தள்ளினேன், ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு உள்ளே போனது. பிறகு புஷ்ஷை வெளியே எடுத்து, சாண்ட் பேப்பரை விரலில் சுற்றி உள்பக்கத்தைத் தேய்த்தேன், ஒரு தாள் நுழையும் அளவுக்கு மட்டும், கூடத் தேய்த்தால் மேசை ஆடும். வழுக்க வைக்க கிரீஸ் போடவில்லை, உலர்ந்த சிலிக்கோன் ஸ்பிரே போதும்.

—

அண்ணா, நான் நோர்வேயில் பேர்கன் பக்கம். இங்கே உப்புத் தண்ணீர், எங்களுக்கு மேலே பிரச்சினை இல்லை, அடியில்தான். காலின் கூம்பிய முனை தரைக் கிண்ணத்துக்குள் இறுகிப்போய், சுற்றிலும் பல்பொடி மாதிரி வெள்ளைத் தூள். அலுமினியம் அரித்தால் வரும் அந்தத் தூள் முதலில் இருந்த உலோகத்தைவிடக் கூட இடம் பிடிக்கும், அதனால் ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிவிடுகிறது. ஹீட் கன் எடுக்கப் போனேன், மனைவி தடுத்தார், நல்லகாலம். பெட்ரோல் படகு, ஆவி காற்றைவிடக் கனம், தரைக்குக் கீழேதான் போய்த் தேங்கும். கடைசியில் இரவு முழுக்க வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, காலையில் குழாய்க்குள் ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டு, கிண்ணத்தின் மேல் கேத்தலில் இருந்து கொதிநீரை ஊற்றித் திருகினேன். மூன்றாவது கேத்தலுக்கு விட்டது. கிண்ணத்தைப் பிடித்திருந்த ஸ்டெயின்லெஸ் திருகாணி ஒன்று தலை முறிந்துவிட்டது, அது தனிக் கதை. இப்போது திருகாணிகளுக்கு டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுக்கும் பசை பூசுகிறேன், காலின் முனைக்கு ஒன்றும் பூசுவதில்லை, அது உராய்வில் நிற்கிற சாமான். மாதம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி வைக்கிறேன்.

—

இரண்டு பேருடையதும் காஸ் இல்லாத கால். காஸ் உள்ள கால், அதாவது உள்ளே அடைத்த காஸின் அழுத்தத்தில் ஏறி இறங்கும் கால், வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே நைட்ரஜன், கடும் அழுத்தத்தில். சூடாக்குவது, துளைப்பது, வெட்டுவது எதுவும் கூடாது. என்னுடைய காஸ் காலும் இப்படித்தான் இறங்காமல் நின்றது, புதுக் கால் வாங்கவே கிளம்பிவிட்டேன், பிறகு பார்த்தால் நெம்புகோல் தளர்ந்து, காலை விடுவிக்கும், மேலே உள்ள சின்ன ஊசியை முழுக்க அமுக்கவில்லை. நட்டை ஒன்றரைச் சுற்று இறுக்கினேன், இறங்கிவிட்டது. பத்து நிமிட வேலைக்கு ஒரு சனிக்கிழமை போயிற்று.

—

நன்றி தம்பிமார். பிய்ந்த ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து எபொக்ஸி நிரப்பி, காய்ந்தபின் புதிதாகத் துளைத்து நாலு திருகாணிகளையும் திரும்பப் பூட்டிவிட்டேன். தரை வெடிப்பு அப்படியே இருக்கிறது. மச்சான் இப்போது அந்த மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பை வைப்பதற்கும் என் முகத்தைப் பார்க்கிறார்.