மைட்டி டக்ஸும் பெரியப்பாவின் ஃபவுல் விசிலும்

குழு: கோவில்பட்டி வீடு 🏑

நித்யா: நேற்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பெரியப்பா இரண்டு படம் பார்த்தார். பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடுகிற ஹாலிவுட் படம் 'த மைட்டி டக்ஸ்', அப்புறம் அதன் இரண்டாம் பாகம். பாதி நேரம் டிவியைப் பார்த்து ஃபவுல், ஃபவுல் என்று சத்தம்தான் 😂

பெரியப்பா: சத்தம் போடாமல் என்ன செய்வது? 'வி' வடிவத்தில் அணிவகுத்து வருகிறார்கள். முன்னால் வருகிறவன் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு எதிராளியை மறித்துக்கொண்டே போகிறான். நம்ம ஊர் மைதான ஹாக்கியில் அது அப்ஸ்ட்ரக்ஷன், வழிமறிப்பு. உடனே விசில்.

மதன் மினியாபோலிஸ்: ஐஸ் ஹாக்கியிலும் தப்புதான் பெரியப்பா. இன்டர்ஃபியரன்ஸ் என்று இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைப்பார்கள். அது பந்து இல்லை, பக். மூன்று அங்குல அகலத்தில் கெட்டியான ரப்பர் வில்லை.

மதன் மினியாபோலிஸ்: எதிரணிப் பகுதி தொடங்குகிற நீலக் கோட்டை பக் தாண்டுவதற்குமுன் கூட்டாளி தாண்டினால் ஆஃப்சைடு வேறு. பக்கைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் மாட்டுவார்கள்.

பெரியப்பா: அங்கே இன்னும் ஆஃப்சைடு இருக்கிறதா? நான் ஆடின காலத்தில் எங்களுக்கும் உண்டு. 1998ல் தூக்கிவிட்டார்கள்.

சித்தி: அந்தக் கயிறு வீசுகிற பையனை விட்டுவிட்டீர்களே. மாட்டுக்குச் சுருக்குப் போடுகிற மாதிரி எதிராளியைப் பிடிக்கிறான்!

மதன் மினியாபோலிஸ்: படத்தில் அதற்கும் இரண்டே நிமிஷம்தான் சித்தி. நிஜத்தில் ஆட்டத்தை விட்டே துரத்துவார்கள்.

நித்யா: எனக்கு இடித்தது ஐஸ்லாந்துதான். இரண்டாம் பாகத்தில் பிள்ளைகள் அமெரிக்காவுக்காக ஆடும்போது எதிரே நிற்கிற, யாராலும் ஜெயிக்க முடியாத வில்லன் அணியாம். ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் அந்த நாடு ஆடியதே கிடையாது. அவர்களுடைய பலம் ஹேண்ட்பால், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கினார்கள்.

சித்தி: ரஷ்யாவை வில்லனாகக் காட்டி அலுத்திருக்கும்.

பெரியப்பா: இதெல்லாம் கூடப் போகட்டும். நாட்டுக்காக ஆடுகிறவன் ஃபைனல் நடுவில் நாட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு வாத்துப் படம் போட்ட சட்டையோடு வருவானா? எந்த அம்பயர் விடுவான்?

மதன் மினியாபோலிஸ்: அது பிழை இல்லை பெரியப்பா, விளம்பரம். 1992ல் முதல் படம் ஓடியது. மறு வருஷமே படம் எடுத்த டிஸ்னி, கலிஃபோர்னியாவின் அனாஹைமில் அதே பெயரில் நிஜமான என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியைத் தொடங்கிவிட்டது. 1994ல் இரண்டாம் பாகத்தில் பிள்ளைகள் போட்டுக்கொள்வது அந்த அணியின் ஜெர்சி. ஃபைனல் நடப்பதும் அந்த அணியின் அரங்கத்தில்தான்.

பெரியப்பா: அடப்பாவிகளா. படத்துக்குள்ளேயே கடை போட்டிருக்கிறான்!

சித்தி: கோச்சுக்குப் பெயர் பம்பாயா? நான் நம்ம ஊர்க்காரர் என்று நினைத்தேன்.

நித்யா: கோர்டன் பம்பாய். மும்பைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை சித்தி. வாத்து வந்தது அவருடைய முதலாளியால். முதலாளி பெயர் டக்ஸ்வொர்த். உடுப்புக்கும் மட்டைக்கும் காசு அவருடையது, அதனால் அணி டக்ஸ்.

மதன் மினியாபோலிஸ்: எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. கதை நடப்பது இங்கே மினியாபோலிஸில். முதல் படத்தில் மைக் மொடானோ என்ற நிஜ வீரர் தலைகாட்டுவார், அப்போது எங்கள் மாநில என்ஹெச்எல் அணியான மினசோட்டா நார்த் ஸ்டார்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர். 1993ல் அந்த அணி மொத்தமாக டல்லாஸுக்குப் போய்விட்டது. அதே வருஷம்தான் படத்து அணி கலிஃபோர்னியாவில் நிஜமாகிறது. மினசோட்டாவுக்கு மறுபடி என்ஹெச்எல் அணி வந்தது 2000ல்.

பெரியப்பா: இதை வைத்து ஒரு படம் எடுத்திருக்கலாம்.

நித்யா: அந்த வாத்து அணி இப்போதும் ஆடுகிறதா?

மதன் மினியாபோலிஸ்: ஆடுகிறது. டிஸ்னி 2005ல் விற்றுவிட்டது. 2006ல் பெயரிலிருந்து 'மைட்டி'யை எடுத்தார்கள், 2007ல் என்ஹெச்எல் சாம்பியனுக்குத் தருகிற ஸ்டான்லி கோப்பையே அடித்துவிட்டார்கள்.

சித்தி: அப்படியானால் இத்தனை வருஷம் அந்த 'மைட்டி'தான் தரித்திரம் 😄

பெரியப்பா: கோப்பை அடித்தபோது அந்த 'வி' போட்டார்களா?

மதன் மினியாபோலிஸ்: இல்லை பெரியப்பா. ஒழுங்காக ஆடினார்கள்.