பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை

இருபது வருடம் தாண்டிய பெட்ரோல் பிக்கப், நாலு சிலிண்டர், இன்ஜெக்‌ஷன். சிக்னலில் நின்றால் உதறும். ஸ்டியரிங் நடுங்கும், ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி இரண்டாகத் தெரியும். கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு விக்கல், அப்புறம்தான் இழுக்கும். நெடுஞ்சாலையில் மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நாலு பிளக்கும் மாற்றினேன், ஃப்யூயல் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜினுக்குள் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தேன். துடைத்த அன்று கொஞ்சம் தேவலை போலத் தோன்றியது. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

ஸ்கேனர் மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பி0171 என்ற எரர் கோட், அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. எரர் கோட் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றப் போகாதீர்கள், நானும் அதன் விளிம்பு வரை போனவன். பார்க்க வேண்டியது ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. என் வண்டியில் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) லாங் டெர்ம், அதாவது நீண்ட நாள் கணக்கு, +19. அப்படியே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் +4.

இந்த வித்தியாசம்தான் துப்பு. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு எங்கோ ஓட்டை இருக்கிறது, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் இன்ஜின் குடிப்பதே கொஞ்சக் காற்று, அதில் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அது பெருவெள்ளத்தில் ஒரு சொம்பு. இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போகலாம்.

ஓட்டையைத் தேடக் கார்ப் கிளீனர் (தீப்பற்றும் ஸ்ப்ரே) அடிப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுப்பை) சுற்றி மெதுவாக நகர்த்தினேன் (ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல்). பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையை மறுபடி மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்) வளைகிற இடத்தில் ‘ஸ்ஸ்ஸ்’. மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. கண்ணாடித் துண்டைக் கீழே பிடித்து டார்ச் அடித்தால், எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பரில் நீளமாக ஒரு கிழிசல். அதை விரலால் அழுத்தியதும் உதறல் நின்றது. அத்தனை செலவுக்குப் பிறகு ஒரு முழங்கை ஹோஸ்!

புது ஹோஸ் போட்டு, எரர் கோட் அழித்து, சில நாள் ஓட்டியதும் ட்ரிம் +3. உதறல் போய்விட்டது. ஆனால் மெதுவாக மிதிக்கும்போது ஒரு சின்ன விக்கல் இன்னும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
அண்ணா, எனக்கு இதே மாதிரி வந்தது பிரேக் பூஸ்டரில் (இன்ஜினின் உறிஞ்சலை வைத்துப் பிரேக்கை லேசாக்கும் டப்பா). சிக்னலில் பிரேக்கை மிதித்தால்தான் உதறும், காலை எடுத்தால் சரியாகிவிடும். உள்ளே டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, கிழிந்திருந்தது. பிரேக்கும் கல் மாதிரி இருந்ததால் சீக்கிரம் கண்டுபிடித்தேன். உங்களுக்கு அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பதில்:
என் பழைய வண்டியில் மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, பிளக் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, கை படாமல் தள்ளி நின்று பார்த்தேன். தீபாவளிதான். நீல நீலமாகப் பொறி வயரிலிருந்து பிளாக்குக்குத் தாவியது. வயர் செட் மாற்றியதோடு முடிந்தது.

பதில்:
மெதுவாக மிதிக்கும்போது மட்டும் விக்கல் என்றால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பாருங்கள். கேபிள் த்ராட்டில் வண்டிதானே? இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, சிக்னல் வயரில் மீட்டர் வையுங்கள். பொதுவாக மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் பக்கம் தொடங்கி, முழுதாகத் திறந்தால் 4.5 பக்கம் வரும். நடுவே எங்கும் விழாமல் ஏற வேண்டும். முள் மீட்டர் இருந்தால் நல்லது, டிஜிட்டல் மீட்டர் அந்த நொடியைத் தவறவிட்டுவிடும். நாம் எப்போதும் கால் வைத்திருக்கும் அந்தக் கொஞ்சத் திறப்பில்தான் உள்ளே இருக்கும் பட்டை முதலில் தேயும்.

பதில்:
என் வண்டி கேபிள் த்ராட்டில்தான். முள் மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன். 0.9 வரை ஒழுங்காக வந்து, தொபுக்கென்று விழுந்து, மறுபடி எழுந்தது. மூன்று முறையும் அதே இடம். சென்சார் மாற்றியாயிற்று, விக்கல் போச்சு, நன்றி. ரியர்வியூ கண்ணாடி மட்டும் இன்னும் ஆடுகிறது. பார்த்தால் அதன் ஸ்க்ரூ லூஸ்.