இரட்சிப்பு ஈவு என்றால் என் கணக்கு நோட்டு எதற்கு?

கேள்வி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 11 வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஜெபித்த நாளுக்கு நீல மையில் கோடு, தவறிய நாளுக்குச் சிவப்பு வட்டம். உபவாசம், தசமபாகம், கோபத்தில் வாய் தவறிய நாள் எல்லாம் அதில் ஏறிவிடும். போன மாதம் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு வந்து குறித்தபோது வரிசையாக 22 சிவப்பு வட்டம். அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இரட்சிப்பு தேவனுடைய ஈவு, கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2:8, 9 எனக்கு மனப்பாடம். ஆனாலும் முழங்கால் போட்டால் கடன் பாக்கி வைத்தவள் மாதிரிதான் தலை குனிகிறது. சும்மா தருவதை எப்படி வாங்கிக்கொள்வது?

பதில் 1:
சகோதரி, நானும் இப்படிக் கணக்குப் பார்த்தவன்தான். எனக்கு உதவியது லூக்கா 15-இல் இயேசு சொன்ன கதை. அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்த ஊதாரி மகன், வீடு திரும்பப் புறப்படும் முன்பே என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்கிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" (வசனம் 19). வேலை செய்து கழித்துவிடலாம் என்பது அவன் எண்ணம். அப்புறம் 21-ஆம் வசனத்தைப் பாருங்கள். பாவம் செய்தேன் என்கிறான், மகன் எனப்படப் பாத்திரன் அல்ல என்கிறான், ஆனால் அந்தக் கூலிக்கார வரி அங்கே இல்லை! அதற்குள் அப்பா வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். பல வருஷம் வாசித்தும் இதை நான் கவனிக்கவில்லை.

வீட்டிலேயே இருந்த மூத்த மகன் வயலிலிருந்து வந்து, "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தன் நோட்டை விரிக்கிறான். அப்பா அதைச் சரிபார்க்கவே இல்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார். அந்த வார்த்தை உங்களுக்கும்தான் சகோதரி.

பதில் 2:
எல்லாம் சரி. ஆனால் யாக்கோபு 2:26 கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்கிறதே? இலவசம் என்று சொல்லியே மனம்போனபடி வாழ்பவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

பதில் 1:
நியாயமான கவலை. எபேசியர் 2-இல் 9-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 10-ஐயும் வாசிக்க வேண்டும். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார் பவுல். கனி கொடுப்பதால் மரத்துக்கு உயிர் வருவதில்லை, உயிர் இருப்பதால் கனி வருகிறது. யாக்கோபு கேட்பது அந்தக் கனியை.

பதில் 3:
நான் கத்தோலிக்கன். மீட்பை, அதாவது இரட்சிப்பை, சம்பாதிக்கலாம் என்று நாங்கள் நம்புவதாகச் சிலர் நினைக்கிறார்கள். கடவுள் நம்மை நீதிமான்களாக்கும் அருளை முன்செய்த எந்தச் செயலாலும் ஈட்ட முடியாது என்று எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547-இல் சொல்லியிருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைகளின் லுத்தரன் உலக சம்மேளனமும் எங்கள் திருச்சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. அருள் முதலில் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்:
19-ஐயும் 21-ஐயும் மாற்றி மாற்றி வாசித்தேன். நீங்கள் சொன்னது சரிதான், அந்த வரி இல்லை. ஒன்று சொல்ல வேண்டும். அந்த 22 நாளும் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் "இயேசுவே, இயேசுவே" என்றுதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதை ஜெபம் என்று எழுத நோட்டில் கட்டமே இல்லை. இன்று காலை நோட்டைத் திறக்காமல் முழங்கால் போட்டேன். முடித்ததும் கை தானாக நீலப் பேனாவைத் தேடியது. எடுக்கவில்லை.