புதுப்பிப்பு: பிள்ளைகளுடன் வன்னிக் காட்டுப் பயணம்

கோடையில் பிள்ளைகளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக் காட்டுப் பக்கம் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். ஆனி மாதத்தில் போகச் சொன்னவர் நீடு வாழ்க! பாலை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்து நின்றன. பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, சின்னவன் வாயைத் திறக்க முடியாமல் விழித்தான். அம்மம்மா நல்லெண்ணெய் தடவிவிட்டார். பாலைப்பழம் என்றால் கரடிக்கும் உயிர். ஆகவே ஊர்க்காரர் துணையில்லாமல் மரங்களுக்குக் கிட்டப் போகாதீர்கள். எங்களுடன் வந்த ஐயா, யானை இலத்தி ஈரம் காயாமல் கிடந்த இடத்தில் "திரும்புவோம்" என்றார். மறுபேச்சின்றித் திரும்பினோம்.

சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. பூநாரைக் கூட்டம் பார்க்க விரும்புபவர்கள் மாரியில் போங்கள், கோடையில் வெயில்தான்.

போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடி பற்றிக் கேட்டவர்களுக்கு: அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாவிட்டாலும், பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கவே வேண்டாம். பலகையை வாசித்த மூத்தவள் நெடுநேரம் கேள்வி கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னேன். இந்த மண்ணில் நடந்ததைப் பிள்ளைகளிடம் நாங்கள்தான் சொல்லவேண்டும்.

தண்ணீர் மட்டும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள்.