தேர்வு அச்சத்தைத் தணிக்க உங்கள் அனுபவம் தேவை

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். மொரிஷியஸில், ரோஸ்ஹில் பகுதியில் வசிக்கிறோம். என் மகள் ஆண்டு இறுதியில் கேம்பிரிட்ஜ் எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட் எனும் பள்ளிச் சான்றிதழ்) தேர்வு எழுதவிருக்கிறாள். வீட்டில் தங்கைக்கு இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் அழகாக விளக்கும் அதே கணக்கை, ஆங்கில வினாத்தாளைக் கையில் வாங்கியதும் மறந்துவிடுகிறாள். உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு புரட்டுகிறது.

கணக்கிடும்போது தகவல்களைச் சற்று நேரம் தாங்கி வைத்திருக்கும் செயல்நினைவின் இடத்தைக் கவலை பிடித்துக்கொள்வதால்தான், நன்கு படித்ததுகூட அந்நேரத்தில் கைக்கு எட்டாமல் போகிறது என்று அறிந்தேன். அப்படியானால், "இன்னும் நன்றாகப் படி" என்று நான் இத்தனை நாள் சொல்லிவந்தது நோய்க்கே உரமிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. டியூஷனைக் குறைக்கலாம்தான், ஆனால் இத்தீவில் எந்தப் பெற்றோருக்கு அந்தத் துணிவு இருக்கிறது?

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக 2011இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனமில்லை.

பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகியது உங்கள் பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைத்ததா, கூட்டியதா? எந்த நிலையில் உளவியலாளரை நாடினீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.