கத்திரி வெயில்ல ரெண்டு பசங்களோட அம்மா ஊருக்குப் போறேன், எப்படி சமாளிக்கறது?

மூணாவது மாடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு 7 வயசு, சின்னவளுக்கு மூணரை. சென்னையில பிளாட்ல இருக்கோம், ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல்னு போகுது பசங்களுக்கு. பரீட்சை முடிஞ்சதும் உடன்குடி பக்கத்துல எங்க அம்மா வீட்டுக்கு கூட்டிட்டுப் போறேன், மே கடைசி வரைக்கும் அங்கதான். எங்க அண்ணன் பசங்க, அக்கா பசங்கன்னு அங்க ஒரு பட்டாளமே இருக்கு, பெரியவன் இப்பவே பையை எடுத்து வச்சுட்டு எப்போம்மா கிளம்பலாம்னு உயிரை எடுக்கறான்.

வீட்டுக்காரருக்கு லீவு இல்ல, அவர் இங்கதான் இருப்பார். தினமும் ஒரு பயத்தை சொல்றார், கிணறு இருக்கு, தேள் வரும், அந்த வெயில்ல பசங்க சுருண்டுடுவாங்க, பேசாம இங்கயே ஏசியில வச்சுக்கோன்னு. அம்மா கிட்ட சொன்னா "ஏட்டி, நீங்க மூணு பேரும் இங்கனதான வளந்திய, ஒண்ணும் ஆவாது, பிள்ளையள கூட்டிட்டு வா"ன்றாங்க. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாதான் படுது. நான் அனுபவிச்ச லீவு என் பசங்களுக்கும் கிடைக்கணும்னு ரொம்ப ஆசை, அதே சமயம் சின்னவ ஒரு இடத்துல நிக்க மாட்டா, கண்ணிமைக்கற நேரத்துல காணாம போயிடுவா.

மதியம் போனைக் கையில கொடுக்காம எப்படி ஓட்டறது, கிணத்துக்கு விடலாமா, என்னென்ன மருந்து கையில வச்சுக்கணும், உங்க அனுபவத்தை சொல்லுங்க ப்ளீஸ்.

---

தேரிக்காட்டுக்காரி:

வாங்க வாங்க, நம்ம ஊருக்கா வாறிய! நான் சாத்தான்குளம் பக்கம். தாராளமா கூட்டிட்டு வாங்கக்கா, நேரத்தை மட்டும் மாத்திக்கணும், அவ்வளவுதான். எங்க வீட்டுல பிள்ளையள் விடியக்காலையில எந்திரிச்சுடும், ஒம்பது பத்து மணி வரைக்கும் வெளிய ஆட்டம், அப்புறம் சாயந்தரம் நாலரைக்கு மேலதான் வாசலைத் தாண்டணும். கத்திரி மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் இருக்கும்லா, அந்த நாள்ல தேரி மண்ணுல, அதான் நம்ம ஊரு செம்மணல் மேட்டுல, மதியம் கால் வைக்க முடியாது, செருப்போட போனாலும் மண்ணு உள்ள ஏறி பாதம் கொப்பளிச்சுடும். குதிரைமொழித் தேரி காட்டணும்னா வெயில் ஏறுமுன்ன போயிட்டு வந்துடுங்க, அந்த செக்கச்செவேல்னு இருக்க மண்ணைப் பாத்தா பிள்ளையளுக்கு வீட்டுக்கு வர மனசே வராது.

மதியத்துக்கு திண்ணைதான். பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல், இதெல்லாம் உங்க அம்மாவை சொல்லித்தரச் சொல்லுங்க, ஆச்சி கூட விளையாடறதுன்னா பிள்ளையள் போனை கேக்கவே கேக்காது. வடகம் போடற வீடா இருந்தா மாடியில காக்கா விரட்டற வேலையை காலையில பெரியவன்ட்ட கொடுங்க, ஒரு குச்சியும் கருப்புத் துணியும் போதும், பொறுப்பா உக்காந்திருப்பான். சின்னவளை மட்டும் தூக்கி வச்சுக்கிடுங்க. எங்க வீட்டுச் சின்னது போன வருஷம் ஈரமா இருந்த வடகத்து மேலயே ஒரு நடை நடந்துட்டு வந்துட்டு, வேட்டி பூரா குட்டிக்குட்டி காலு. எங்க அத்தை திட்டவே இல்ல, மறுநாள் திரும்பவும் கூழு காய்ச்சி ஊத்துனாங்க.

பதனி காலையிலேயே வாங்கிக் குடுத்துடுங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்கறதாலதான் அது புளிக்காம இனிப்பா இருக்கு, வெயில் ஏற ஏற மாறிடும். முத நாள் அரை டம்ளர் போதும், பழகாத வயிறு. நொங்கு இளசா பாத்து, மேல இருக்க தோலை உரிச்சு, சின்னவளுக்கு பிச்சுப் பிச்சுக் குடுங்க, முழுசா குடுத்தா வழுக்கிட்டு தொண்டைக்குள்ள போயிடும். உரிச்ச தோலையும் உள்ள இருக்க தண்ணியையும் வேர்க்குரு மேல தடவுங்க, குளுகுளுன்னு இருக்கும். பவுடரை மட்டும் அப்பி விடாதிய, வேர்வையில கட்டி கட்டியா நின்னு இன்னும் அரிக்கும்.

இன்னொண்ணு, மாங்கா. மரத்துல இருந்து பறிச்ச உடனே கடிச்சா காம்புல இருந்து வடியற பால் பட்டு வாயோரம் வெந்து புண்ணாயிடும். காம்பை ஒடிச்சு பால் வடிய விட்டு, தண்ணியில போட்டு வச்சுட்டு அப்புறம் குடுங்க.

---

கோவில்பட்டி அப்பா:

கிணறு பத்தி நான் சொல்றேன் சிஸ்டர், எங்க வீட்டுல மூணு பேரும் கிணத்துலதான் நீச்சல் கத்துக்கிட்டாங்க. பெரியவனுக்கு 7 வயசு சரியான வயசு. ஆனா மாமா கூட இறங்கினா மட்டும்தான், இதுல பேச்சே கிடையாது. இடுப்புல கயிறு கட்டி, அந்த காலத்துல சுரக்குடுக்கை கட்டுவாங்க, இப்போ மூடி இறுக்கின காலி கேன் கட்டறாங்க, கயித்தோட இன்னொரு முனை மேல ஒரு பெரிய ஆள் கையில இருக்கணும். கூட பத்து பசங்க குளிக்கறாங்களே பாத்துக்குவாங்கன்னு நினைக்கவே கூடாது, ஏன்னா குழந்தை முங்கறப்ப கத்தாதுங்க, கைய ஆட்டி கூப்பிடவும் செய்யாது, சத்தமே இல்லாம உள்ள போயிடும், பக்கத்துல குளிக்கறவனுக்கே தெரியாது. அதனால கரையில ஒரு ஆள், கையில போன் இல்லாம, பாக்கறது மட்டுமே வேலைன்னு உக்காரணும்.

சின்னவளுக்கு கிணறே வேணாம், பம்புசெட் தண்ணி வாய்க்கால்ல விழற இடத்துல உக்கார வச்சா அதுவே அவளுக்கு குற்றாலம். அங்கயும் நீங்க கை நீட்டினா தொடற தூரத்துல இருக்கணும். வீட்டுல மாட்டுத் தொட்டி, பாத்ரூம் பக்கெட், அண்டா எல்லாத்தையும் கவுத்துப் போட்டோ மூடியோ வைங்க, மூணரை வயசுக்கு அரை பக்கெட் தண்ணியே ஆபத்து. நம்ம எல்லாரும் கிணத்தைத்தான் பாத்து பயப்படறோம், பக்கெட்டை யாரும் பாக்கறதில்ல.

அப்புறம் ரெண்டு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணியும் வெயில்ல கிடந்த ஹோஸ் பைப்ல நிக்கற தண்ணியும் மதியம் கொதிக்கும், பசங்க மேல பீச்சறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தரையில ஓட விட்டு உங்க கையில பட்டு பாருங்க. இன்னொண்ணு பைக் சைலன்சர். ஊருல எல்லா பெரியப்பா சித்தப்பாவும் பசங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்க, இறங்கறப்ப பசங்க சைலன்சர் இருக்கற வலது பக்கம் குதிச்சா கெண்டைக்கால்ல அப்படியே சூடு இழுத்துடும். இடது பக்கம்தான் ஏறணும் இடது பக்கம்தான் இறங்கணும்னு முதல் நாளே பழக்கிடுங்க, முழுக்கால் பேன்ட் போட்டா இன்னும் நல்லது.

---

கிராமத்து நர்ஸ்:

அந்த சைலன்சர் சூட்டை தொட்டே ஆரம்பிக்கறேன், கோடையில எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடிக்கடி வர்ற கேஸ் அது. சூடு பட்ட உடனே ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பிள்ளை அழும், பாவமாதான் இருக்கும், ஆனாலும் 20 நிமிஷம் முழுசா காட்டணும். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேணாம், இதையெல்லாம் தடவிக்கிட்டு வர்ற பிள்ளைங்களுக்கு நாங்க அதைக் கழுவி எடுக்கறதுதான் பெரிய வலியா இருக்கு. கொப்பளத்தை உடைக்காதீங்க, முகம், கை, மூட்டுல பட்டிருந்தா நேரா டாக்டர்கிட்ட வாங்க.

கையில வச்சுக்க வேண்டியதுல முதல்ல ஓஆர்எஸ், அதாவது உப்பு சர்க்கரைக் கரைசல் பவுடர். பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கரைக்கணும், கொஞ்சம் பவுடர் கொஞ்சம் தண்ணின்னு டம்ளர்ல கலக்கினா உப்பு அளவு மாறி குழந்தைக்கு அதுவே கெடுதல். கரைச்சதை 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்தை ஊத்திடுங்க. வயித்தால போனா உங்க பசங்க ரெண்டு பேர் வயசுக்கும் ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறம் 100லருந்து 200 மில்லி வரைக்கும், ஸ்பூன் ஸ்பூனா, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு திரும்ப. கடையில அட்டை டப்பாவுல இனிப்பா விக்கறதை ஓஆர்எஸ்னு நினைச்சு வாங்காதீங்க. 2025 அக்டோபர்லதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) அந்த மாதிரி பானங்க பேருல ஓஆர்எஸ்ங்கற வார்த்தை இருக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு. பாக்கெட்ல டபிள்யூஹெச்ஓ பார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஜிஹெச்லயும் எங்ககிட்டயும் இலவசம்.

குழந்தை ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, அழுதா கண்ணீர் வரல, சோர்ந்து சோர்ந்து தூங்குதுன்னா வீட்டு வைத்தியம் வேணாம், உடனே கிளம்புங்க.

தேள் கொட்டினா கட்டு போடாதீங்க, கீறாதீங்க. பிள்ளை வேர்த்துக் கொட்டறது, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகறதுன்னு தெரியற வரைக்கும் காத்திருக்காம 108க்கு போன் பண்ணுங்க, இப்போ நல்ல மருந்து இருக்கு. ராத்திரி வெளிய வச்ச செருப்பை காலையில உதறித்தான் போடணும். விறகு, ஓலை அடுக்கி வச்ச இடத்துல பசங்களை கை விட விடாதீங்க. நாயோ பூனையோ பிராண்டினாகூட சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்கு வாங்க, சின்ன கீறல்தானேன்னு விடவே விடாதீங்க.

---

மூணாவது மாடி அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன், கயிறு மாமா கையில இருந்தா சரின்னுட்டார், பெரிய நிம்மதி. நர்ஸ் சிஸ்டர், ஒரு சந்தேகம், பல்லாங்குழிக்கு புளியங்கொட்டை வச்சு விளையாடுவாங்களே, சின்னவ எதைக் கண்டாலும் மூக்குல திணிக்கற ஆளு. அப்படி ஏதாச்சும் ஆனா என்ன பண்ணணும்?

---

கிராமத்து நர்ஸ்:

நல்ல கேள்விங்க. ஊக்கு, ஹேர்பின், பட்ஸ் எதையும் விட்டு நோண்டாதீங்க, உள்ள இன்னும் தள்ளிடும். தண்ணியும் விடாதீங்க, புளியங்கொட்டை ஊறி உப்பிடும். ஒரு வழி இருக்கு, அம்மா முத்தம்னு சொல்லுவோம். குழந்தையை மடியில வச்சு, அடைச்சிருக்காத பக்கத்து மூக்கை விரலால மூடி, உங்க வாயை அவ வாயோட முழுசா பொருத்தி, சட்டுன்னு ஒரு ஊது. நிறைய தடவை கொட்டை தானா முன்னாடி வந்துடும். வரலைனா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாம இஎன்டி டாக்டர்கிட்ட போயிடுங்க. உள்ள போனது பொம்மையோட பட்டன் பேட்டரின்னா இதெல்லாம் எதுவும் வேணாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அவ விளையாடறப்ப சோழி வச்சுக்கோங்க, கொஞ்சம் பெருசா பாத்து.

---

தேரிக்காட்டுக்காரி:

யக்கா, முக்கியமானதை விட்டுட்டேன், நொங்கு வண்டி! பெரியவனுக்கு அது இல்லாம லீவே இல்ல. நொங்கு வெட்டுற அண்ணாச்சிகிட்ட காலையிலேயே சொல்லி வச்சுடுங்க, மேல மட்டும் சீவித் தரச் சொல்லுங்க, பிளக்கக்கூடாது. பெருவிரலை விட்டு நோண்டி தின்னுட்டு, ஒரே அளவுல ரெண்டு கூந்தலை, அதான் தின்னு முடிச்ச காலி நொங்குக் காயை, எடுத்து ஒரு சாண் குச்சியால குத்தி சேத்தா சக்கரம் ரெடி. அப்புறம் அவன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவட்டைக் கம்பு, அந்த கவட்டையை நடுக்குச்சியில வச்சு தள்ளுனா போதும், தெரு பூரா ஓடும். குச்சி காஞ்சதா இருக்கணும், பச்சைக் குச்சி வளையும். கம்பு முனையை உங்க அண்ணனை வழவழன்னு சீவித்தரச் சொல்லுங்க. நொங்குக் கறை எந்த சோப்புக்கும் போகாது, அதனால பழைய சட்டையா போட்டு விடுங்க. சக்கரம் ரெண்டு மூணு நாள்ல காஞ்சு சுருங்கிடும், அதுக்குள்ள அடுத்த நொங்கு வந்துடும். சின்னவளுக்கு குட்டியா தனி வண்டி ஒண்ணு அன்னைக்கே செஞ்சுடுங்க, இல்லைனா அண்ணன் வண்டிதான் வேணும்னு நிப்பா.